பத்து தபா எந்திரி, அப்பால முட்ட

அஞ்சலை போய்விட்டாள். காலை ஏழு மணிக்கு அவள் மருமகள் போன் செய்தாள்.

போய்ப் பார்த்துவிட்டு வந்து குளித்தும் ஆயிற்று. உட்கார முடியவில்லை... ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடந்துகொண்டே இதை டைப் செய்கிறேன்.

யார் அஞ்சலை என்று கேட்பீர்கள். கோட்டூர்புரத்தில் எங்கள் பார்க் வாசலில் தள்ளுவண்டியில் அவித்த முட்டை விற்றவள். என் வயதுதான், அறுபத்து மூன்று.

ஆமாம், முட்டை. என் சொந்தக்காரர்கள் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்று வருஷம் முன்னால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, ஆனால் தரையிலிருந்து எழுந்திருக்கக் காலில் தெம்பில்லை. வேலைக்கு வரும் பெண் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறக்கும்வரை ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தேன்.

"தசை கரைஞ்சு போச்சும்மா. புரோட்டீன் சாப்பிடுங்க, காலுக்கு எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார் டாக்டர். எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, பருப்பு அதிகமானால் வயிறு உப்பும். "அப்ப... முட்டை?" என்றார், மெதுவாக.

பெங்களூரிலிருந்து ஓடி வந்த பையன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "அம்மா, இன்னொரு தடவை விழுந்தா ஃப்ளாட்டை வித்துட்டு என்னோட வந்துடணும்."

முப்பது வருஷம் இருந்த வீடு! அதை விற்பதா? அந்தப் பயத்தில்தான் நெற்றியில் விபூதியோடு முட்டை வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

முதல் நாள் காசைக் கொடுத்துவிட்டு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். முட்டையை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் ஊன்றி எழுந்தேன். அஞ்சலை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இன்னா மாமி, கைய ஊனிக்கினு எந்திரிக்கிற? காலு இன்னாத்துக்கு கீது? எங்க மாமியா இப்டிதான் எந்திரிச்சிக்கினு இருந்துச்சு. அப்பால படுத்துச்சு, அவ்ளோதான். கை வெக்காம பத்து தபா எந்திரி, அப்பால முட்ட."

எனக்கு வந்ததே கோபம். "காசு குடுத்தாச்சு, முட்டையைக் குடேன்! நீ என்ன டாக்டரா?"

"டாக்டரும் இத்ததான் சொல்லிருப்பாரு, நீ செஞ்சியா?"

மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மூன்று தடவைதான் எழ முடிந்தது, வாக்கிங் வந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். முட்டையில் பாதியைத்தான் கொடுத்தாள், கிராதகி.

மீதிப் பாதியை என்ன செய்தாய் என்று மறுநாள் சண்டைக்குப் போனேன். "காக்காக்கு போட்டேன். அது கூட எந்திரிச்சி பறக்குது மாமி" என்றாள்.

ஒரு மாதத்தில் பத்து வந்தது. அப்புறம் இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துப் பத்து. தினமும் மரத்துக்குப் பின்னால் திரும்பி நின்று முட்டையைச் சாப்பிட்டுவிட்டு, ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்குப் போவேன். வீட்டில் இருப்பது போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரர் படம் மட்டும்தான்... அதற்கே அவ்வளவு பயம்!

மூன்று வருஷம். ஒரு தடவைகூட நான் விழவில்லை. வீடும் என்னிடம்தான் இருக்கிறது.

ஆனால் அவள்? ஆற்றோரம் இருந்த வீட்டை கவர்ன்மென்ட்டில் இடித்துவிட்டு பெரும்பாக்கத்தில் நாலாவது மாடி கொடுத்திருந்தார்கள். விடியும் முன்னே இரண்டு பஸ் மாறி வருவாள். வந்ததும் டீயில் பன்னை நனைத்துச் சாப்பிடுவாள். காலை, மதியம் இரண்டு வேளைக்கும் அதுதான்.

"நீயும் ஒண்ணு சாப்பிடேன்" என்று ஒரு நாள் நானே வாங்கி நீட்டினேன். "விக்கிறத நானே துன்னுட்டா பொயப்பு இன்னா ஆவுறது?" என்று சொல்லி, பேத்திக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

போன பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள், ஸ்டூலிலிருந்து எழும்போது வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளும். அதற்கு மறுநாள் இரண்டு கையாலும்.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

என்னைப் பிடித்து அந்தப் பாடு படுத்தினாளே, நான் ஒரே ஒரு தடவை "கையை எடு அஞ்சலை, முட்டையைச் சாப்பிடு" என்று சண்டை போட்டிருக்கக் கூடாதா? என் முட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் முன்னால் மாடிப்படியில் விழுந்து அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. "அத்த ரெஸ்ட்ல கீது" என்றாள் மருமகள், போனில். வெயில் குறையட்டும், அடுத்த வாரம் போகலாம்... தள்ளித் தள்ளிப் போட்டேன். படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

இன்றைக்கு அந்த நாலு மாடியும் ஏறினேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கை கால் எல்லாம் எலும்பாகக் கிடந்தாள். அழுதேன், வெட்கப்படாமல்.

கிளம்பும்போது இரண்டு பெண்கள் என்னைத் தூக்கிவிடக் கை நீட்டினார்கள். "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கையை எங்கேயும் ஊன்றவில்லை.

மருமகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அத்த கடைய பத்தி பேசறப்பல்லாம் ஒன் கதையதான் சொல்லும் மாமி. இப்ப பாத்திருந்தா முழு முட்டையா குடுத்திருக்கும்" என்றாள்.

பார்க் வாசலில் நாளைக்கு யாரும் என்னை எழுந்திரு என்று சொல்லப்போவதில்லை.

போய் வா அஞ்சலை. உன்னோடு நான் போட்டிருக்க வேண்டிய சண்டை ஒன்று பாக்கி இருக்கிறது...