ஆயுத பூஜைக்குக் கழற்றிய வைஸ்

உட்கார்ந்து பாடம் கேட்கிற பொறுமை எனக்கு எப்போதும் கிடையாது. தொண்ணூறுகளில், அருப்புக்கோட்டையில் நூல் மில்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி, கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு பழைய சி.என்.சி. மெஷினை வாங்கிப் போட்டு, ஒரு வாரப் பயிற்சிக்கு என்னைக் கோவைக்கு அனுப்பினார். ‘ஒர்க் ஆப்செட்’ பற்றிச் சொல்லிக்கொடுத்த மத்தியானம் நான் வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஊருக்கு வந்து எல்லாம் தெரிந்தவன்போல மெஷின் முன்னால் நின்றேன்.

மெஷினை நிறுவ வந்த என்ஜினியர், வேலைப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் வைஸை மேஜையில் முடுக்கி, ஏதோ எண்களைத் திரையில் ஏற்றிவிட்டுப் போனார். அந்த எண்களைத் தொடாமலே எட்டு மாதம் ஓட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி என்னைக் காட்டிப் பெருமையடித்தார். என் குட்டு வெளிப்பட்டால் மறுபடி பழைய லேத்துதான்.

ஆயுத பூஜை வந்தால், கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிச் சந்தனம் வைப்பது எங்கள் பட்டறை வழக்கம். என் கூட்டாளி, எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் பிட்டர், வைஸில் ஸ்பானரை வைத்துக்கொண்டு கேட்டான். “ஏலே, இதத் திரும்ப மாட்டுனா மெஷின்ல ஏதும் மாத்தணுமா?”

“ஒண்ணும் வேணாம். மெஷினுக்கு எல்லாந் தெரியும்” என்றேன்.

விஜயதசமி காலையில் தேங்காய் உடைத்து முதல் வேலையைப் போட்டேன். மில்லிலிருந்து வந்த, ஓட்டை போட வேண்டிய இரும்பு வார்ப்பு. டிரில் இறங்கி ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார்.

“இவந்தான் வைஸக் கழட்டுனான்” என்று என் வாய் முந்திக்கொண்டது.

முதலாளி அவனைக் கண்டபடி ஏசினார். அவன் என் முகத்தையே பார்த்தான். கழற்றுமுன் என்னிடம் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு நிலைகொள்ளவில்லை. டீக்கடைக்குப் போனேன், குடிக்காமல் திரும்பினேன், வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்தேன். அப்புறம்தான் உறைத்தது. மெஷினுக்குத் தெரிந்தது அதன் சொந்த மூலை ஒன்றுதான். அங்கிருந்து வேலைப்பொருளின் மூலை எவ்வளவு தூரம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அந்தத் தூரம்தான் திரையில் இருந்த எண்; கோவையில் நான் கேட்காமல் விட்ட ‘ஒர்க் ஆப்செட்’. கழுவி மாட்டியதில் வைஸ் ஏழு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. எண் பழைய இடத்தையே சொல்லிக்கொண்டிருந்தது.

மத்தியானம் மில்லிலிருந்து இன்னொரு வார்ப்பு வந்தது. டிரில்லுக்குப் பதில் ஓர் உருளைக் கம்பியை மாட்டி, இடையில் காகிதத் துண்டு வைத்து மூலையைத் தொட்டுப் பார்த்தேன். கம்பியின் பாதித் தடிமனையும் கணக்கில் சேர்த்துப் புது எண்ணை ஏற்றினேன். ஓட்டை சரியான இடத்தில் விழுந்தது.

முதலாளி என் முதுகில் தட்டினார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மெஷின் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டாளி வெர்னியர் அளவுகோலை வைத்து இரண்டு முறை அளந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, “அளவு சரியா இருக்கு, சார்” என்றான்.