ஸ்கோர் பலகையில் என் விளம்பரம்

பலேர்மோவில் நான் ஐந்து வாரம் விளம்பரத் தொழிலில் இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் செய்த வேலைகளைத் தெரிந்தவர்கள் இதை நம்புவதில்லை. ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு கொழும்பு, பெய்ரூத், நாப்போலி என்று அலைந்து, ஒரு காலைக் கப்பலில் பலேர்மோத் துறைமுகத்தில் இறங்கினேன். ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன் ஆறு வருடம் இருந்துவிட்டேன். பிறந்த ஊரை விட்டபின் வேறெந்த ஊரிலும் அவ்வளவு காலம் தங்கியதில்லை. வேறெந்த ஊரையும் இப்படி நினைத்துக்கொண்டிருப்பதுமில்லை.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் நான்கு மாடிக் கட்டிடம் ஒன்றில் படி கழுவினேன். இரண்டாம் மாடியில் ஒரு சின்ன விளம்பர அலுவலகம். அதை நடத்தியவரை எல்லோரும் 'தொத்தோரே' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஈரப் படியை மிதிக்காமல் சுவரோரமாக ஏறிப் போகிற ஒரே ஆள் அவர்தான். அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒருநாள் அவர் வாளிக்குப் பக்கத்தில் நின்று, "உங்கள் ஆட்கள் எதைப் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்து விளக்கினார். விளையாட்டுகளுக்குப் பந்தயம் பிடிக்கும் இணையத்தளம் ஒன்று, இந்த ஊரில் இருக்கும் வெளிநாட்டவர்களைத் தேடுகிறது. தமிழர்களிடம் எங்கே, எப்படி விளம்பரம் செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சூதாட்டத்தை விளம்பரம் செய்யக்கூடாது என்று இத்தாலியில் சட்டம் உண்டு. அதனால் அந்தத் தளத்தின் பெயரிலேயே விளையாட்டுச் செய்திப் பக்கம் ஒன்றும் வைத்திருந்தார்கள். "செய்தியை விளம்பரம் செய்தால் யார் தடுப்பது?" என்று சிரித்தார்.

விளம்பரம் போடும் இடத்தை நான் தெரிவு செய்ய வேண்டும். அவர் ஒரு இலக்கம் தருவார். அந்த இலக்கத்தைப் போட்டு ஒரு மாதத்துக்குள் பத்துப் பேர் கணக்குத் திறந்தால் எனக்கு அந்த அலுவலகத்தில் மேசை வேலை, எழுத்தில் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்ற சொல்தான் என்னை இழுத்தது. இந்த நாட்டில் இருப்பதற்கான என் பெர்மெஸ்ஸோ அந்தக் கோடையோடு முடிகிறது. ஒப்பந்தத்தைக் காட்டாவிட்டால் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் அதைப் புதுப்பித்துத் தரமாட்டார்கள். படி கழுவுகிறவனுக்கு யாரும் ஒப்பந்தம் எழுதுவதில்லை.

அந்த வாரம் முழுவதும் ஊரை வேறு கண்ணால் பார்த்துத் திரிந்தேன். முகநூலில் எங்கள் ஆட்கள் கலியாணப் படங்களும் மரண அறிவித்தல்களும்தான் பார்ப்பார்கள். அவற்றுக்கு நடுவில் பந்தயத்தைப் போட எனக்கே கூச்சமாக இருந்தது. எங்கள் வாட்ஸப் குழுவை நடத்திய அக்கா கண்டிப்பானவர். சீட்டுக்கு ஆள் சேர்த்த ஒருவரை அரை மணி நேரத்தில் குழுவிலிருந்து தூக்கியவர். கோவில் திருவிழா நோட்டீசையும் தேவாலயத்தின் பங்குத் தாளையும் நான் கேட்கவே இல்லை. பலசரக்குக் கடைக் கண்ணாடியில் வாடகை அறைக் காகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன.

மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை. ஊரின் வடக்கே உள்ள பெரிய பூங்காவில் எங்களுக்குக் கிரிக்கெட். மன்னார்ப் பெடியள் தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்வரை பந்து போடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். எங்களில் யாரோ வேலை செய்யும் இத்தாலியச் சின்யோரா வீட்டில் கழற்றி எறிந்த அலுமாரிக் கதவுதான் ஸ்கோர் பலகை. இரண்டு பெயின்ற் வாளிகளில் சாய்த்து, சோக்கட்டியால் எழுதுவோம். ஓவருக்கு ஒரு தடவையாவது எல்லாத் தலையும் அதன் பக்கம் திரும்பும்.

நான் இடத்தைச் சொன்னதும் தொத்தோரே மேசையில் இருந்த கணினியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு தளங்கள் இருக்க, அலுமாரிக் கதவா?"

"ஓம்" என்றேன், தமிழிலேயே.

கதவுக்குப் பலேர்மோக் காற்பந்து அணியின் இளஞ்சிவப்பும் கறுப்பும் அடித்தேன். மேலே தளத்தின் பெயர், கீழே இலக்கம்.

"என்னடா இது, ஓட்டம் எழுத இடமில்லை" என்றான் எங்கள் முதல் துடுப்பாட்டக்காரன்.

"நீ அடிக்கிற ஓட்டத்துக்கு அந்த மூலை காணும்" என்றார் என்னோடு அறையில் இருந்த அண்ணை.

பிறகு என்னிடம் திரும்பி, "தம்பி, இதிலை கட்டினா வெல்லலாமோ?" என்று கேட்டார்.

"வெல்லலாமெண்டா நான் ஏன் அண்ணை படி கழுவுறன்?"

விளம்பரக்காரன் சொல்லக்கூடாத பதில் அது என்று பிறகுதான் உறைத்தது. ஆனாலும் பலகை வேலை செய்தது. மூன்றாவது ஞாயிறு தேநீர்ப் போத்தலைச் சுற்றி வேறு கதையே இல்லை. ஒரு தடைதான் இருந்தது. கணக்குத் திறக்கப் பெர்மெஸ்ஸோவைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். பொலிசுக்கே நடுங்கி நடுங்கிக் காட்டுகிற காகிதத்தைத் தொலைபேசிக்குக் காட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அண்ணைதான் வழி சொன்னார். அவர் வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். நான் கப்பலால் இறங்கிய வாரம், ஒன்றும் விசாரிக்காமல் தன் அறையில் எனக்கு ஒரு பாய் விரித்தவர்.

"எல்லாரும் ஏன் கஷ்டப்படுறியள்? நான் ஒராள் திறக்கிறன். எனக்குச் சொல்லுங்கோ, நான் கட்டி விடுறன்."

அது எவருக்கும் புதுமையாகப் படவில்லை. எங்கள் அறை ஒருவர் பெயரில், மின்சாரம் இன்னொருவர் பெயரில், இணைய இணைப்பு ஊரை விட்டே போய்விட்ட ஒருவர் பெயரில். பந்தயமும் அப்படியே நடந்தது. பத்துப் பேரைச் சேர்க்க வேண்டியவன் நான். அந்த நானும் அண்ணையிடமே போய், "பலேர்மோ வெல்லும், எனக்கும் ஒண்டு போடுங்கோ" என்றேன். அவ்வளவு புத்தி.

மாத முடிவில் தொத்தோரே கூப்பிட்டார். "ஒருவன்" என்றார். "ஒரே ஒருவன். ஆனால் இவனைப் பார். ஒரே ஆட்டத்தில் பலேர்மோ வெல்லும் என்று கட்டியிருக்கிறான். தோற்கும் என்றும் கட்டியிருக்கிறான். சமனாக முடியும் என்றும். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள். யார் இவன்?"

அது ஒருவரில்லை, இருபது பேருக்கு மேல் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கதவு வென்றதாக ஆகும். மேசையும் ஒப்பந்தமும் கிடைத்திருக்கும். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"மற்றவர்களுக்காகக் கட்டுகிறானோ? அப்படியென்றால் சொல். அது விதிக்கு மாறு. கணக்கைப் பூட்டி, அவன் காகிதங்களை விசாரிக்க அனுப்புவார்கள்."

அண்ணையின் பெர்மெஸ்ஸோ அப்போது குவெஸ்தூராவில் புதுப்பிக்கக் கிடந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டிருந்தார். ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

"எனக்குத் தெரிந்த ஆள்தான், தொத்தோரே" என்றேன். "நல்ல மனிதர். ஆனால் பைத்தியம்."

அவர் திரையில் அந்தக் கணக்கை மறுபடி பார்த்தார். "உங்களில் இப்படி எத்தனை பேர்?"

"இவர் ஒருவர்தான்."

திரையை அணைத்தார். மேசை இல்லை, படி இருக்கிறது என்றார். இன்னொரு கோப்பியும் தந்தார். கோபப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. வாளியை நிரப்பிக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறினேன்.

அடுத்த ஞாயிறு பலகைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னை விசரனெண்டே சொன்னனீ?"

"ஓம் அண்ணை."

"நம்பினவரோ?"

"மூண்டு பக்கமும் கட்டினா ஆர்தான் நம்பமாட்டினம்?"

அவர் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு தொலைபேசியை எடுத்து, எனக்குக் காட்டியபடியே கணக்கை மூடினார். மைதானத்தில் யாரோ ஆட்டமிழந்தார்கள். ஒருவரும் பலகையில் எழுதவில்லை.

"அப்ப உன்ரை ஒப்பந்தம்?" என்றார்.

"போயிட்டுது."

"வடக்கு இத்தாலிக்குப் போ. அங்கை வயசான ஆக்களைப் பாக்கிற வேலைக்கு ஒப்பந்தம் எழுதுவினம். ஒரு வீட்டை எனக்குத் தெரியும். கதைச்சுப் பாக்கிறன்."

"போகச் சொல்லுறியளோ?"

"இஞ்சை இருந்தா உன்னை அவங்கள் நாட்டுக்கே அனுப்பிப்போடுவாங்கள். நான் அனுப்பினா வடக்கோடை நிக்கும்."

எத்தனையோ ஊர்களை விட்டு யாரும் சொல்லாமலே கிளம்பியவன் நான். அந்த முறைதான் கால் எழவில்லை. ஜூலையில் வடக்கே ஜெனோவாவுக்குப் போகும் கப்பலில் ஏறினேன். அண்ணை சொன்ன வீட்டில் ஒரு முதியவரைப் பார்க்கிற வேலை; ஒப்பந்தம் எழுதினார்கள், பெர்மெஸ்ஸோவும் புதிதாகிவிட்டது. முதியவர் ஞாயிறுகளில் மத்தியானச் சாப்பாட்டோடு உறங்கிவிடுவார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, பலேர்மோப் பூங்காவில் இந்நேரம் எத்தனையாவது ஓவர் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன்.