மாட்டுங்காவிலிருந்து போன டிரம்கள்

மும்பை செம்பூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. கிராமத்துப் பெண்களுக்கு ஆடு, கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுக்கப் போவோம். ஒரு கூட்டத்தில் பன்றி என்று பேச்சு வந்தபோது யாரும் முன்வரவில்லை. நான் போகிறேன் என்றேன். என் அம்மா தாராவியில் சாக்கடை ஓரம் பன்றி வளர்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். ஆபீஸில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

கர்ஜத்தில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் முக்கால் மணி நேரம் போக வேண்டும். ஒரு மேட்டு நிலத்தில் ஏழு வீடுகள். எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். தாராவிக்குள் பன்றி வைத்திருக்க முடியாது என்று ஆனபோது, பன்றிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனவர்கள். ஆண்கள் கூலி வேலைக்காக மும்பையிலேயே தங்கிவிட்டார்கள். நிலமும் பன்றியும் பெண்கள் பாடு.

அவர்கள் ஹோட்டல் மிச்சத்தைத்தான் தீவனமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் அதை நிறுத்தச் சொன்னேன். எச்சிலில் கிடக்கும் இறைச்சித் துண்டு வழியாகப் பன்றிகளுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வரும், வந்தால் மருந்து கிடையாது என்று படம் வரைந்து காட்டினேன். அதற்குப் பதிலாக அவர்கள் நிலத்திலேயே சர்க்கரைவள்ளி, மரவள்ளி, கொஞ்சம் மக்காச்சோளம். கொடியை நறுக்கித் தவிட்டோடு வேகவைத்துப் போட்டால் போதும்.

அங்கே ஓர் அக்கா இருந்தார். ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் செய்வார்கள்.

"பன்னிக்குன்னு வெள்ளாம வைக்கச் சொல்லுதியா? வெளிய சொன்னாச் சிரிப்பாவ" என்றார். ஆனால் மறு வாரம் நான் போனபோது அவர்தான் முதல் ஆளாக மண்ணைக் கொத்திப் பாத்தி போட்டிருந்தார்.

ஒரு வருஷம் நன்றாகவே போயிற்று. பன்றிகள் தேறின. அக்காவின் தாய்ப்பன்றி ஒன்பது குட்டி போட்டது. ஒன்றுகூடச் சாகவில்லை. போன் செய்து, "தங்கச்சி, ஒம்போதும் பால் குடிக்கி" என்றார். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மழை விடவே இல்லை. பாத்தியில் தண்ணீர் நின்று கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போயிற்று. கொடியும் கறுத்துவிட்டது. வெறும் தவிட்டுக் கஞ்சியில் குட்டிகள் இளைத்துக்கொண்டே வந்தன.

"எலும்பும் தோலுமா நிக்கி. எதாச்சும் பண்ணு தங்கச்சி."

மாட்டுங்காவில் நான் சாப்பிடப் போகும் ஒரு மெஸ் உண்டு. அதன் முதலாளியிடம் கேட்டேன். "தாராளமா எடுத்துட்டுப் போங்கம்மா. நம்ம கடையில முட்டைகூடக் கிடையாதே" என்றார். சைவ மெஸ்தானே, பயமில்லை என்று நினைத்தேன். தாராவியில் டெம்போ ஓட்டும் ஒருவரைப் பேசி, வாரம் இரண்டு முறை டிரம்மில் மிச்சச் சோறு போக ஏற்பாடு செய்தேன். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சித்தான் போட வேண்டும் என்று பெண்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆபீஸில் இதைச் சொல்லவில்லை. நான் போட்ட விதியை நானே மீறுவதாக எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது வாரம் டெம்போவிலேயே நானும் போனேன். டிரம்மைச் சாய்த்து அண்டாவில் ஊற்றும்போது சாம்பார் சோற்றுக்குள் கையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். ஒரு சின்ன எலும்பு. கடித்துத் துப்பியது.

டெம்போக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒரு டிரம் ரொம்பலக்கா. நீங்க ஏறுறதுக்கு முந்தியே தாதர்ல ஒரு பார்ல ரெண்டு பக்கெட் வாங்கிப் போட்டேன். பன்னிக்குத்தானே, சல்தா ஹை, பரவால்ல."

இனி அப்படிச் செய்யக் கூடாது என்று அவரைத் திட்டினேன். திட்டிவிட்டுத் திரும்பினால் குட்டிகள் வேலியில் மூக்கை நுழைத்துக் கத்திக்கொண்டிருந்தன. அக்கா அண்டாவின் அடியில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். தீ பிடிக்கவில்லை. சோறு கொதிக்கவே இல்லை, சூடு ஏறியதோடு சரி. எல்லாவற்றையும் குழியில் கொட்டுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் எலும்பைப் புதரில் எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மதிய ரயிலைப் பிடித்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் தாய்ப்பன்றி தீனி எடுக்கவில்லை. காதும் வயிறும் கருநீலமாக மாறின. பக்கத்துக் கொட்டிலில் இரண்டு செத்தன. கால்நடை டாக்டர் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அந்தக் காய்ச்சல்தான் என்று முடிவு வந்த மறுநாளே ஆட்களோடும் சுண்ணாம்பு மூட்டைகளோடும் திரும்பி வந்தார். நோய் வந்தது, வராதது எல்லாவற்றையும் கொல்ல வேண்டும்.

டாக்டர் பேசிய மராத்தியை நான்தான் பெண்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"இந்தக் குட்டி நல்லாத் திங்கிதே, பாரு. சார்ட்டச் சொல்லு" என்று அக்கா ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

சொன்னேன். டாக்டர் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். கெட்ட மனிதர் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

புது ஆட்களைப் பார்த்துப் பன்றிகள் மிரண்டு ஓடின. கடைசியில் பெண்களே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூட்டிவர வேண்டியதாயிற்று. அக்கா கூப்பிட்டதும், நிற்கவே முடியாத அந்தத் தாய்ப்பன்றி எழுந்து வந்தது. ஊசி போட்டு முடியும்வரை அக்கா அதன் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் கொன்ற பன்றிகளின் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது டாக்டரிடம், எப்படி வந்திருக்கும் என்று கேட்டேன். "எச்சில் சோறாக இருக்கலாம், வண்டிச் சக்கரமாக இருக்கலாம், யாராவது ஒருவர் செருப்பாகக்கூட இருக்கலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் பன்றிகள் சாகின்றன. இனி கண்டுபிடிக்க முடியாது" என்றார். நான் எலும்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆபீஸுக்குக் கொடுத்த அறிக்கையில் காரணம் தெரியவில்லை என்று எழுதினேன்.

பல மாதங்களுக்குப் பன்றி வைக்கக் கூடாது என்றார்கள். பெண்கள் கலைந்துபோனார்கள். இரண்டு பேர் மும்பையில் சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள். அக்கா செம்பூரில், என் ஆபீஸுக்கு நாலு தெரு தள்ளி, வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு மாதம் அந்தத் தெருவைச் சுற்றிப் போனேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வேலை செய்யும் கட்டடத்தின் மாடிப்படியில் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ புதர்ல எறிஞ்சத நானும் பாத்தேம்."

பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா, டிரம்மு வேண்டாம்னு சொல்லிப்போடுவியோன்னு இருந்துட்டேம். குட்டி கத்துது, நான் என்னத்தச் செய்ய?" என்றார். "ஆனா எனக்குப் பசி மட்டுந்தான் தெரியும். ஒனக்கு நோயும் தெரியும்லா. நீ சொல்லியிருக்கணும், மேடம்."

மூன்றாவது மாடியில் இன்னும் ஒரு வீடு பாக்கி என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

அந்த வாரம் அறிக்கையைத் திரும்ப எழுதினேன். டிரம்மையும் எலும்பையும் எழுதினேன். அம்மாவின் பன்றிகளைப் பற்றியும் இரண்டு வரி எழுதிவிட்டு அதை மட்டும் அடித்தேன். மேலதிகாரி படித்துவிட்டு, "இது அவசியமா?" என்று கேட்டார். அவசியம் என்றேன். என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. பன்றித் திட்டத்தை மட்டும் மூடிவிட்டார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஊர்ப் பெண்கள் எங்கள் பன்றித் திட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். இனி வரமாட்டோம் என்று சொல்ல ஆபீஸில் என்னையே அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது, பன்றிக்குட்டி வரும் என்று நம்பி, அவர்கள் சர்க்கரைவள்ளிக் கொடியை நட்டு முடித்திருந்தார்கள்.