கயிறு கட்டிய மணல்

என் அக்காவின் கணவர் ராணுவத்திலிருந்து திரும்பி வந்தபோது அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லையாகப் போயிற்று. கையோ காலோ போயிருந்தால், பார்க்க வருகிறவர்கள் எதைக் கேட்பது, எதை விடுவது என்று தெரிந்து பேசியிருப்பார்கள். முழுசாக வந்தவரிடம் "அப்புறம் என்ன, இனிமே ஜாலிதான்" என்று சொல்லிவிட்டு காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

பாகிஸ்தானோடு நடந்த எழுபத்தொன்றுச் சண்டை முடிந்த பிறகுதான் மாமாவுக்கு வேலையே ஆரம்பித்ததாம். மேற்கு எல்லையில் இரண்டு தரப்பும் புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளை எடுக்கும் பிரிவு அவருடையது. வயல், மணல்மேடு, ஒற்றையடிப்பாதை எல்லாவற்றையும் கருவி வைத்துத் தடவித் தடவி எடுத்திருக்கிறார்கள். பக்கத்து வரிசையில் தடவிக்கொண்டிருந்தவர் ஒருநாள் இல்லாமல் போனார். அதற்கு மேல் மாமா சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

வந்ததிலிருந்து அவர் மண்ணை மிதிக்கவில்லை. தார் ரோடு, சிமென்ட், கல், இவற்றின்மேல்தான் கால் வைப்பார். மேற்கு மாம்பலத்தில் அது லேசான காரியம் இல்லை. தெருவைக் குழாய்க்காக ஒருமுறை தோண்டுவார்கள், டெலிபோனுக்காக இன்னொருமுறை தோண்டுவார்கள். ஸ்டேஷனுக்குப் போக ஒரு காலி மனையைக் குறுக்கே தாண்டினால் போதும், ஊரே அப்படித்தான் போகும். மாமா தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ரயில் போயிருக்கும். அடுத்த ரயிலுக்கு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அடையாறில் ஒரு நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. போன முதல் நாளே திரும்பி வந்துவிட்டார். கேட்டிலிருந்து ஸ்டோர் ஷெட் வரைக்கும் சவுக்குத் தோப்புக்கு நடுவே மணல் பாதை. கேட்டருகில் இருந்த சிமென்ட் மேடையில் மதியம் வரை நின்றுவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். அங்கே இருந்த அதிகாரியும் பட்டாளத்துக்காரர். அக்கா போய் அழாத குறையாகப் பேசியதில், பொங்கல் கழியும் வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். அதன்பிறகு தன்னால் முடியாது என்றும் சொன்னார். அக்கா தி. நகர் ஜவுளிக்கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதில்தான் வீடு ஓடியது.

நான் அப்போது அவர்களோடு தங்கி, பாலிடெக்னிக்கில் ரேடியோ படித்துக்கொண்டிருந்தேன். எதையாவது கழற்றாமல், பூட்டாமல் என் கை சும்மா இருக்காது. ராயப்பேட்டையில் மாமாவைப் பார்த்த டாக்டர், "அவருக்குப் பிடிச்ச மாதிரி கைக்கு ஒரு வேலை கொடுங்க, பொழுதுபோக்கா இருக்கட்டும்" என்றதும், நான் நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தது நினைவுக்கு வந்தது. அங்கே சண்டையிலிருந்து திரும்பியவர்கள் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு வயலிலும் கடற்கரையிலும் பழைய காசு, பொத்தான், குண்டு என்று தேடுகிறார்களாம். மனசுக்கு நல்லதாம். நம் மயிலாப்பூர்க் கடற்கரையில் இல்லாத பழசா? பல்லவன் காலத்தில் துறைமுகம், அப்புறம் போர்த்துகீசியன், டச்சுக்காரன், கம்பெனிக்காரன். ஐப்பசி கார்த்திகையில் கடல் மணலை அரித்துக்கொண்டு போகும்போது சாந்தோம் பக்கம் செப்புக்காசு வெளியே வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றிரவு நான் தூங்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். ஊசியை வாயில் கவ்விக்கொண்டே கேட்டாள்.

"மண்ணை மிதிக்கவே மாட்டேங்கறவரை மண்ணைத் தோண்டச் சொல்றியா? டாக்டர் இதைத்தான் சொன்னாரா?"

"கருவி கையில இருந்தா தைரியம் வரும்க்கா."

"உனக்கு ஏதாவது செய்யணும். அதுக்கு எங்க வீட்டுக்காரர் கிடைச்சாரா?"

ஆனாலும் ஒட்டுப்பலகையை வட்டமாக அறுக்க, அடியில் வைத்துக்கொள்ளத் தன் அரிவாள்மணைப் பலகையைத்தான் கொடுத்தாள். அந்த வட்டத்தைச் சுற்றித் தாமிரக் கம்பி, சோப்பு டப்பாவுக்குள் டிரான்சிஸ்டர்கள், மூங்கில் கைப்பிடி, மூர் மார்க்கெட்டில் வாங்கிய ராணுவம் கழித்துப் போட்ட பழைய ஹெட்போன். உலோகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் காதில் கேட்கும் ஊளையின் சுருதி ஏறும். அவ்வளவுதான் விஷயம்.

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா இது, ஜல்லிக் கரண்டியாட்டம் கீது."

"காதுல வெச்சுப் பாருங்க மாமா."

வைத்தார். தரையில் கிடந்த ஊசிப்பெட்டியின் மேல் காட்டினார். முகம் மாறவில்லை. கைப்பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, பட்டாளத்தில் பழகிய மாதிரி பிடித்தார். அந்தப் பிடியைப் பார்த்ததும் அக்கா தையலை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் மாலை சாந்தோமுக்குத் தெற்கே, பட்டினப்பாக்கம் பக்கம், ரோட்டோரச் சுவரில் நின்றோம். மாமா சுவரை விட்டு இறங்கவில்லை. கருவியை முன்னால் நீட்டி இடமிருந்து வலம் துழாவினார். பிறகு துழாவிய மணலில் ஒரு காலை வைத்தார். மறுபடி துழாவினார். இன்னொரு கால். நான் துள்ளிக் குதிக்காத குறை. வந்ததிலிருந்து முதல்முறையாக அவர் மண்ணில் நின்றார்.

துள்ளல் அன்றைக்கே அடங்கிவிட்டது. ஊளை ஏறியதும் நான் கையால் தோண்டப் போனேன். மாமா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பிறகு வயிற்றை மணலில் வைத்துப் படுத்தார். அக்காவின் பழைய குடையிலிருந்து எடுத்த கம்பியைச் சாய்வாக மெல்லக் குத்தினார், எடுத்தார், விரல் தள்ளி மறுபடி குத்தினார். ஏதோ தட்டியதும் பக்கவாட்டில் மணலை ஒதுக்கி, சவரப் பிரஷ்ஷால் துடைத்து, அடியில் ஒன்றும் இல்லை என்று தடவிப் பார்த்து, கடைசியாக வெளியே எடுத்தார். கலர் பாட்டில் மூடி. இருட்டிவிட்டது.

தினமும் அப்படித்தான். தேடி முடித்த மணலின் இரண்டு பக்கமும் முளையடித்து வெள்ளைக் கயிறு கட்டுவார். கயிற்றுக்கு உள்ளேதான் போவது, கயிற்றுக்கு உள்ளேதான் திரும்புவது. ஒரு மாலை முழுக்க வேலை செய்தால் ஒரு புடவை உலர்த்துகிற அளவு மணல் தேறும். என் கண் முழுக்கத் தெற்கே, அடையாறு கடலில் கலக்கும் ஆற்று முகத்தில் இருந்தது. அங்கேதான் பழசு கிடக்கும் என்று என் கணக்கு. மாமாவின் வேகத்தில் அங்கே போய்ச் சேர எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்துவிடும். கால் மரத்துப்போக முளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் குப்பத்துக்காரர் ஒருவருக்கு நாங்கள்தான் பொழுதுபோக்கு.

"இன்னா சார், இன்னிக்கு ராஜா காசு கெட்ச்சுதா, மூடி கெட்ச்சுதா?"

"ஈயக் குண்டு" என்பார் மாமா படுத்தபடியே.

"அது எங்க வலையோடது நைனா. குட்த்துடு."

அவர் வலையிலிருந்து அறுந்த ஈயத்தையெல்லாம் மாமா ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருமுறை ஒரு கான்ஸ்டபிள் வந்து, ஹெட்போனைப் பார்த்துவிட்டு, ரேடியோவுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்.

"ரேடியோ இல்லைங்க, பாட்டு வராது" என்றேன்.

"அப்ப இன்னா வரும்?"

"கூய்னு கத்தும்."

"அதுக்கு மிஷின் எதுக்குய்யா. என் ஊட்டுக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மார்கழியில் நிஜமாகவே இரண்டு பொருள் கிடைத்தன. ஒன்று பச்சை பூத்த சின்னச் செப்புக்காசு. இன்னொன்று இலந்தைப்பழம் மாதிரி ஓர் ஈய உருண்டை. வலைக்காரர் தன்னுடையது இல்லை என்றார். மாமா அதை உள்ளங்கையில் உருட்டினார். "பழைய துப்பாக்கிக் குண்டு. சுட்டிருந்தா நசுங்கியிருக்கும். எவனோ துப்பாக்கியில ரவை போடும்போது கீழே விட்டிருக்கான். திட்டு வாங்கியிருப்பான்." அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். படுத்ததும் தூங்கினார். அக்கா அதைக் கவனித்து வைத்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அதன்பின் வெறும் மூடிகள். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. கயிற்றுக்கு வெளியே மாமா ஒரு விரலைக்கூட வைக்கவில்லை. அடையாறுப் பாதையில் தினமும் கயிறு கட்டிக்கொண்டா வேலைக்குப் போக முடியும்? டாக்டர் சொன்னதைச் செய்துவிட்டோம், பத்திரிகை சொன்னதையும் செய்துவிட்டோம். மூவருமே களைத்துவிட்டோம். அக்காவின் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. நான் பரீட்சைக்குப் படிக்கவில்லை.

போகிக்கு முன்பு ஒரு மாலையில் அக்காவும் ஃபிளாஸ்க்கில் காப்பியோடு கடற்கரைக்கு வந்தாள். அவள் அதற்கு முன் எங்களோடு வந்ததே இல்லை. சுவரில் உட்கார்ந்துகொண்டு எங்களையே பார்த்தாள். மாமா கயிற்றுக்குள் நடந்து, முந்தின நாள் விட்ட இடத்துக்குப் போனார். கருவியை நீட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டார்.

"பின்னால போ" என்றார் என்னிடம், மெதுவாக.

"என்ன மாமா?"

"போன்னேன்ல."

அவர் பார்த்த இடத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கம் நடமாட்டம் குறைவு. காற்று மணலில் வரிவரியாகக் கோடு போட்டு வைத்திருக்கும். ஓர் இடத்தில் மட்டும் கோடு இல்லை. அப்பளம் அளவுக்கு வழவழப்பாக, தட்டி வைத்த மாதிரி இருந்தது.

"எவனோ பொதச்சிருக்கான்" என்றார். முகத்தில் வேர்வை. வலைக்காரரைப் பார்த்து, "யோவ், பசங்களக் கூப்ட்டுக்கினு அந்தாண்ட போ" என்றார். பக்கத்தில் குப்பத்துப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா சுவரிலிருந்து எழுந்தாள். "ஏங்க, அது நான் வெச்சதுங்க. நம்ம பெட்டியில இருந்துதே ஓட்டைக் காலணா, அதுதான். மத்தியானம் வந்து வெச்சேன். உங்களுக்குக் கிடைக்கட்டுமேன்னு."

"யார் வெச்சதுன்னு கேக்கல. கிட்ட வராத."

"காசுங்க அது. வெறும் காசு."

"வராதன்னு சொல்றேன்."

அவர் குரல் வேறு எங்கோ இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். காசு கிடைத்த அன்று அவர் தூங்கினார் என்பதற்காக, இன்னொரு நாள் தூக்கத்தைப் புதைத்து வைக்க வந்திருக்கிறாள். மேலே அடை தட்டுவதுபோல் தட்டியும் வைத்திருக்கிறாள். புதைத்ததைத் தேடியே ஆண்டுகளைக் கழித்த மனிதருக்கு முன்னால் அதைச் செய்யக் கூடாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தோன்றியிருக்காது.

அக்கா ஃபிளாஸ்க்கைச் சுவரில் வைத்தாள். பேசிப் பேசி ஓய்ந்துபோனவள் மாதிரி இருந்தது அவள் நடை. கயிற்றுக்கு வெளியே, நேராக அந்த இடத்துக்குப் போனாள். மாமா "ஏய், ஏய்" என்றார். அவள் உட்கார்ந்து மணலைக் கையால் வாரினாள்.

மாமா கருவியைப் போட்டுவிட்டு ஓடினார். கயிற்றைத் தாண்டி, துழாவாத மணலில் ஓடி, அவள் தோளைப் பற்றித் தூக்கி, தண்ணீர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஈர மணலில் அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு நின்றார். மூச்சு இரைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. அக்கா கையைப் பிரித்துக் காட்டினாள். நடுவில் ஓட்டை போட்ட காலணா.

அவர் அதைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் இருந்த மணலைப் பார்த்தார். விழுந்த வேகத்தில் கருவியின் பலகை பிளந்து, கம்பி அறுந்து கிடந்தது.

"எப்படிடா திரும்பி வர்றது?" என்று என்னைக் கேட்டார்.

வலைக்காரர்தான் எழுந்து வந்து, "வந்த தடம் கீதே சார், அது மேலயே வா" என்றார். வழக்கமான கிண்டல் அவர் குரலில் இல்லை.

மாமா குனிந்து தன் காலடிகளைத் தேடினார். ஒவ்வொன்றிலும் அச்சாகக் கால் வைத்து வந்தார். அக்காவின் கையை விடவில்லை. அவளையும் அதே தடத்தில் வரச் சொன்னார். கயிற்றுக்குள் வந்து சேர்ந்ததும் உட்கார்ந்துவிட்டார். நான் சுவரிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து வந்தேன். மூவரும் குடித்தோம்.

அக்காவிடம் பொங்கல் அன்றும் அவர் பேசவில்லை. அவளும் வலிய பேசவில்லை. நான் கருவியைச் சரி செய்யவா என்று கேட்டதற்கு, "வேணாண்டா, போதும்" என்றார். எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. ஆற்று முகம் அங்கேயே இருக்கட்டும்.

பொங்கல் கழிந்ததும் அவராகவே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நாங்களும் கூடப் போனோம். அடையாறில் அதே கேட், அதே சிமென்ட் மேடை. மாமா மேடையில் நின்றார். தோப்புக்குள் காவல்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

"நான் முன்னால நடக்கறேன். என் தடத்துல வாங்க" என்றாள் அக்கா.

"நீ முன்னால போகக் கூடாது" என்றார். கடற்கரைக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

நின்றோம். உள்ளே மணி அடித்தது. இவர் நேரத்துக்குப் போகவில்லை. வெயில் ஏறிய பிறகு ஸ்டோருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்து கேட்டுக்குள் திரும்பியது. அது போகும் வரை மாமா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடையிலிருந்து இறங்கி, டயர் அழுத்திவிட்டுப் போன பள்ளத்தில் ஒரு காலை வைத்தார். இன்னொரு கால். கையை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்துக்கொண்டு, சுவர் மேல் நடப்பவரைப்போல, சவுக்கு மரங்களுக்கு நடுவே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"தினமும் லாரி வருமாடா?"

"வரும்க்கா" என்றேன். எனக்கு என்ன தெரியும்?

சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். மாம்பலம் வந்தபோதும் எழுப்ப மனசு வரவில்லை. இறங்காமல், அடுத்த ஸ்டாப் வரைக்கும் போனோம்.