சத்தியத்துக்கு அகப்படாத பாஷை

சத்தியத்தில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தவள் பெரியப்பா மகள்தான். என்னைவிட ஆறே மாதம் மூத்தவள். அதை வைத்துக்கொண்டே ஆயுசுக்கும் அக்காவாக இருந்துவிட்டாள்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நைனாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் அவர் முறை, மறுநாள் இவர் முறை. பெரியப்பாவின் முறையன்று பகல் முழுக்கக் கரண்டு வரவில்லை. மறுநாள் வந்ததும், தன் முறை பாக்கி இருக்கிறதென்று மோட்டாரைப் போட்டுவிட்டார். இன்றைக்கு என் முறை என்று நைனா போய் நிறுத்தினார். ஒருவர் பக்கம் மட்டும் நியாயம் இருந்திருந்தால் பஞ்சாயத்தில் முடிந்திருக்கும். இரண்டு பக்கமும் இருந்ததால் தீர வழியில்லாமல் போயிற்று. சாயங்காலத்துக்குள் பொதுத் தோட்டத்தின் நடுவே வேலிக்காத்தான் முள்ளில் வேலி வந்துவிட்டது. நைனா அதோடு விடவில்லை. என்னையும் அம்மாவையும் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டாரோடு ஒரு வார்த்தை பேசமாட்டோம் என்று எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைக்கவைத்தார். மீறினால் நைனாவின் தலை வெடித்துவிடுமாம். பெரியப்பாவும் சும்மா இருப்பாரா, மறுநாளே தன் வீட்டாரை அதே அம்மனிடம் ஓட்டிக்கொண்டு போனார்.

அம்மாவின் பாடுதான் மோசம். பெரியம்மா அவளுடைய கூடப்பிறந்த அக்கா. ஒரே பந்தலில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா துணி காயப்போடுவாள், அந்தப் பக்கம் பெரியம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். ஒருத்தி இருமினால் இன்னொருத்தி நிமிர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான். பெரியவர்களுக்கு எல்லாம் பழகிவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பெரியப்பா மகள் தன் பக்கத்துக் கன்றுக்குட்டியிடம் எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். சத்தியம் தமிழுக்குத்தான், வேறு பாஷையில் பேசினால் யார் தலையும் வெடிக்காது. அவள் மூளையே மூளை. ஆனால் கன்றுக்குட்டியிடம் பேசுவதும் தமிழ்தானே, சாமிக்குக் கேட்காதா என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கன்றுக்குட்டியோடும் பேசவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேசும் ‘க’ பாஷையை நான் எடுத்துவிட்டேன். எழுத்துக்கு எழுத்து ஒரு ‘க’ சேர்ப்பார்களே, அதுதான். அவள் கூடாதென்று வேகமாகத் தலையாட்டிவிட்டாள். தமிழுக்குச் சட்டை போட்டுவிட்டால் சாமிக்கு அடையாளம் தெரியாதா என்று அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம்.

ஆக, புதிதாகவே செய்தோம். வேலியோரப் புளியமரம் காய்த்திருந்த நேரம். அவள் ஒரு காயைக் காட்டி ‘சூப்பிலி’ என்றாள். நான் கடித்துக் காட்டி ‘லம்மு’ என்றேன். வார்த்தை உண்டாக்குவது சுலபம்தான். அவற்றை வரிசையில் நிற்கவைப்பதுதான் பேஜார். நேற்றுத் தின்றதற்கும் நாளைக்குத் தின்னப்போவதற்கும் ஒரே லம்மு போதாது. வேண்டாம் என்பதைத் தலையாட்டாமல் எப்படிச் சொல்வது? மூத்தவளான தன்னை ‘வாங்க’ என்று கூப்பிட ஒரு வார்த்தை வேண்டுமென்று அவள் சைகையிலேயே சண்டை பிடித்தாள். நான் மசியவில்லை. எங்கள் பாஷையில் மரியாதை என்பதே கிடையாது. பிற்பாடு கல்லூரியில் மொழியியல் பாடம் எடுத்தவர் ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பெயர் சொன்னபோது, இதெல்லாம் முள்ளுக்கு நடுவே பார்த்ததாயிற்றே என்றிருந்தது.

இருட்டிக்கொண்டு வந்ததும் யார் வீட்டிலாவது கூப்பிடுவார்கள். பிரிகிறபோது இரண்டு பேரும் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: “மெந்து ரிக்கோ, சூப்பிலி லம்மு.” நாளைக்கு வா, புளியங்காய் தின்னலாம்.

ஒருநாள் சாயங்காலம் பெரியப்பா மகள் காய் பறிக்கவில்லை. எதையோ சொல்லப் பார்த்தாள். அதற்கு வார்த்தையே நாங்கள் செய்திருக்கவில்லை. கடைசியில் பெரியம்மா என்பதற்கான சொல்லைச் சொல்லி, தன் வயிற்றைத் தொட்டு, விரலால் குறுக்கே ஒரு கோடு போட்டுக் காட்டினாள். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற செங்கல்பட்டுப் பக்கம் கைகாட்டினாள். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பில் இருந்த சோற்றைக் குழையவிட்டாள். எங்கள் வீட்டில் அதற்கு முன் சோறு குழைந்ததே இல்லை.

காலையில் பெரியப்பா ஒயர்கூடையோடு முன்னால் போக, பெரியம்மா தோட்டத்து வழியாகப் பஸ்ஸுக்கு நடந்தாள். அம்மா வேலியோரம் போய் நின்றாள். நைனா வேப்பங்குச்சியை மென்றபடி இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் வாய் திறந்து திறந்து மூடியது. பிறகு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“மெந்து ரிக்கோ. சூப்பிலி லம்மு.”

பெரியம்மா நின்றுவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ரிக்கோ, ரிக்கோ” என்றாள். வந்துவிடுகிறேன் என்று சொல்ல அது சரியான வார்த்தையே இல்லை. பெரியப்பா திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். நைனா இன்னா சொன்னே என்று கேட்டதற்கு, பசங்க பாஷை என்று மட்டும் அம்மா சொன்னாள். நைனா தன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு மானம் போய்விட்டது. எங்கள் பாஷையை ஒளிந்து கேட்டது போதாதென்று, இடம் தெரியாமல் வேறு பேசிவிட்டாள். அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். வயிற்றை அறுக்கப் போகிறவளைப் புளியங்காய் தின்னக் கூப்பிடுவார்களா என்று கேட்டேன்.

“அதுக்கு அதுவா அர்த்தம்?” என்றாள் அம்மா. “எனக்கு இன்னா தெரியும் கண்ணு. சாயங்காலம் வூட்டுக்குப் போசொல்ல அதத்தான சொல்லிக்கிறீங்க. மறுநாளு அவ வந்துடுறா இல்ல?”

அர்த்தம் தெரியாமலா பேசுவது என்று அவளை உட்காரவைத்து, மெந்து என்றால் இது, ரிக்கோ என்றால் இது என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா செங்கல்பட்டுப் பக்கம் பார்த்தபடியே எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். பாஷை தெரியாதவள் என்று அவளை நினைத்துக்கொண்டு, திருப்பிச் சொல்லு என்று அதட்டினேன்.