நோகாத செடில்

அருளம்பலத்தின் வேலை தலை பிடிப்பது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் பல்வைத்தியர் யாகோப்பு பல்லுப் பிடுங்கும்போது, கதிரையில் இருப்பவரின் தலையைப் பின்னால் நின்று நெஞ்சோடு அணைத்து அசையாமல் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்னர் பல்லைச் சுற்றிய முரசுச் சதையில் விறைப்பூசி போடுவார் வைத்தியர். ஊசியைக் கண்டதும் பாதிப்பேர் எழும்பி ஓடப் பார்ப்பார்கள். அவர்களைப் பேச்சுக் கொடுத்து இருத்துவதும் அருளம்பலம்தான்.

ஆளுக்கு ஒரு சொல் வைத்திருந்தார். தோட்டக்காரர் வந்தால், "கனநேரம் சப்பாணி கட்டி இருந்தால் கால் மரத்துப் போகுமெல்லே, அப்பிடித்தான்" என்பார். கரையோரத்து ஆளென்றால், "மார்கழிப் பனியிலை வலை இழுத்த கை மாதிரி விறைச்சுப் போம்." பெண்களுக்கு, "கன்னம் மட்டும் நித்திரை கொள்ளும் பிள்ளை, நீர் முழிச்சிருப்பீர்." கிழவர்களுக்கு, "கொஞ்சம் மதமதக்கும், அவ்வளவுதான்." எல்லாருக்கும் கடைசியில் ஒரே முடிப்பு: "நோகாது."

இப்படிச் சொன்ன மனிதர் தன்னுடைய சொத்தைப் பல்லுக்கு இரண்டு வருடமாகக் கிராம்பு வைத்துச் சமாளித்து வந்தார். ஊசி என்றால் அவருக்கும் பயம். நோவு என்றால் அதைவிடப் பயம்.

அந்த வருடம் அவருடைய ஒரே மகள் இராசமலர் நெருப்புக்காய்ச்சலில் விழுந்தாள். மருந்து கொடுத்த பரியாரி கையை விரித்த அன்று, மனைவி பராசக்தி ஊர்க் கந்தசுவாமி கோயில் வாசலில் விழுந்து நேர்ந்தாள்: "முருகா, பிள்ளையைத் தா. இவர் உனக்குச் செடில் குத்திக் காவடி எடுப்பார்."

பிள்ளை எழும்பிக் கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அருளம்பலத்துக்கு இது தெரிந்தது. முதுகுத் தோலில் செடில் முள்ளுகளைக் கொழுவி, அதில் கட்டிய கயிற்றை ஒருவர் பின்னால் இழுத்துப் பிடிக்க, காவடியோடு ஆடிக்கொண்டு போகவேண்டும். என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளை கஞ்சிக் கிண்ணத்தை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். சொல்லை விழுங்கிவிட்டார்.

ஆடித் திருவிழா நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேர்த்திக்கடனுக்கு விரதம் இருக்கிறார் என்று பராசக்தி நினைத்தாள். ஒருநாள் கடைசி நோயாளியும் போன பிறகு, துவாயை மடித்தபடியே வைத்தியரிடம் கேட்டார்.

"ஐயா, உந்த ஊசியை முதுகிலை போட ஏலுமோ?"

யாகோப்பு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன் காணும், உம்முடைய முதுகிலையோ பல்லு முளைச்சிருக்கு?"

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. வைத்தியர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர்; ஆனாலும் மறுக்கவில்லை. "உது உமக்கும் உம்முடைய சாமிக்கும் உள்ள கதை. நான் போடுறன். ஒண்டரை மணித்தியாலம் நிண்டால் பெரிய காரியம்."

காவடி அன்று விடிய, "கீரிமலைத் தீர்த்தத்திலை முழுகிப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். போனது பட்டினத்துக்கு. முதுகில் வரிசையாக ஊசி ஏற்றிக்கொண்டு, வைத்தியர் வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு மூச்சு வாங்க மிதித்து வந்தார். மருதனார்மடச் சந்தியில் தெரிந்தவர் ஒருவர், "கீரிமலை அங்காலையெல்லோ?" என்று பகிடியாகக் கேட்டது காதில் விழாதது போல் போனார்.

காவடி புறப்படும் குளக்கரைப் பிள்ளையார் கோயிலடியில் செடில் குத்தும் சோமசேகரம் அவருடைய முதுகைத் தடவிப் பார்த்தார்.

"என்ன தம்பி, சிவப்புச் சிவப்பாய்? நுளம்பு கடிச்சதோ?"

"ஓம் அண்ணை."

முதல் முள் ஏறியது. யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போலத்தான் இருந்தது. ஒவ்வொன்றாக எல்லா முள்ளும் ஏறின. அருளம்பலம் முகம் சுளிக்காமல் நின்றார். பயம் தெளிந்த சந்தோஷத்தில் சிரிப்புக்கூட வந்துவிட்டது. "பார், மனிசன் சிரிக்குது!" என்று சனம் வியந்தது. பராசக்தி அழுதுகொண்டு கும்பிட்டாள். அவளைக் கண்டதும் சிரிப்பு வற்றிப் போயிற்று.

பாதி வழியில் ஊசியின் விறைப்பு விட்டது. முதலில் ஒரு கடுப்பு. பிறகு முதுகு முழுக்க நெருப்பு. பின்னால் கயிறு பிடித்த மைத்துனன் பரமலிங்கம் வழமைபோல் ஒரு சுண்டு சுண்டினான். அருளம்பலம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு துள்ளினார்.

"உரு வந்திட்டுது! அரோகரா!" சாமி வந்துவிட்டதென்று சனம் கூவியது.

மேளம் உச்சத்துக்குப் போயிற்று. பெண்கள் ஓடிவந்து காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருத்தி தன் நோஞ்சான் குழந்தையை நீட்டி, "பூசி விடுங்கோ அப்பு" என்று திருநீற்றுத் தட்டைப் பிடித்தாள். அவர் பூசினார். வீட்டில் பராசக்தி அவருடைய காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியபோது, காலை இழுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இழுக்கவில்லை.

அந்த நோஞ்சான் குழந்தை தேறிவிட்டதாம். அதன்பிறகு சந்தையில் அவரைக் கண்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டு மரியாதையாய் வழிவிட்டார்கள். அவர் சந்தைக்குப் போவதை விட்டார். கோயிலுக்குப் போனாலும் தூணுக்குப் பின்னால் நின்று கும்பிட்டார்.

அடுத்த ஆடியில் பராசக்தி தன் பங்குக்குக் கற்பூரச்சட்டி எடுப்பதாகச் சொன்னாள். எரியும் சட்டியைப் பெண்கள் வேப்பிலையை அணையாக வைத்துத்தான் ஏந்துவார்கள். அவள் வேப்பிலை வேண்டாம் என்றாள்.

"வையும், சுடும்" என்றார் அருளம்பலம்.

"உங்களுக்கு முள்ளே நோகேல்லை. எனக்கு மட்டும் முருகன் சுட விடுவானே?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். மகள் பூத்தட்டோடு நின்றாள், மைத்துனன் நின்றான், வாசலில் மேளகாரர் நின்றார்கள். இத்தனை பேருக்கு முன்னால் எப்படி என்று நினைத்தார். அவள் சட்டியை வெறுங்கையில் வாங்கினாள். வீதி சுற்றி முடியும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு போனாள். அவர் பக்கத்திலேயே நடந்தார். அவளுடைய கையைப் பார்க்கவில்லை.

மத்தியானம் அவளுக்குச் சோறு பிசைய ஏலவில்லை. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துத் தோல் கழன்றிருந்தது. அருளம்பலம் குழைத்துத் திரட்டி ஊட்டினார். இரண்டு வாய் வாங்கிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இஞ்சாருங்கோ, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. எனக்கு நொந்தது. முதல் அடியிலை இருந்தே நொந்தது. என்ரை மனசிலை என்ன அழுக்குக் கிடக்கோ தெரியேல்லை."

அவர் அடுத்த கவளத்தைத் திரட்டினார்.

"உங்கடை வைத்தியர் ஐயாவிட்டை நோத் தெரியாமல் செய்யிற மருந்து ஏதும்..." என்று தொடங்கியவள் பதறிப்போனாள். "வேண்டாம், வேண்டாம். நேர்த்தி நோ அது. மருந்து போட்டால் முருகன் கோவிப்பான்."

கையிலிருந்த கவளம் சோற்றுக் கோப்பையில் விழுந்தது.

"நான் கீரிமலைக்குப் போகேல்லை" என்றார் அருளம்பலம்.

பிறகு மிச்சத்தையும் சொன்னார். ஆளுக்கு ஒரு சொல் வைத்திருந்தவருக்கு அன்று ஒன்றும் உதவவில்லை. ஊசி போட்டன், ஊசி போட்டன் என்றே திரும்பத் திரும்ப வந்தது. பராசக்தி கொப்பளித்த கைகளை மடியில் மலர்த்தி வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும்,

"அப்ப எனக்கு நொந்தது பிழையில்லை" என்றாள்.

"இல்லை."

"அப்ப நேர்த்தி இன்னும் கிடக்கு."

"ஓம்."

மிச்சச் சோற்றை அவள் அவருடைய கையால் வாங்கவில்லை. மகளைக் கூப்பிட்டாள்.

மறு ஆடியில் அருளம்பலம் உண்மையாகவே கீரிமலையில் முழுகிவிட்டு வந்து பிள்ளையார் கோயிலடியில் நின்றார். முதல் முள் தோலுக்குள் போனதும் "ஐயோ அம்மா!" என்று அலறினார். சோமசேகரம் கையை எடுத்துவிட்டார்.

"என்ன தம்பி, முந்தி சிரிச்சுக்கொண்டு நிண்ட மனிசன்?"

சனம் கொல்லென்று சிரித்தது. முன்பு குழந்தையை நீட்டிய பெண் அதை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பின்னால் போனாள். அருளம்பலத்துக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "குத்துங்கோ அண்ணை" என்றார்.

பராசக்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வடு விழுந்த கையில் ஒரு துவாயிருந்தது. அதால் அவருடைய முகத்தைத் துடைத்தாள்.

"கத்துங்கோ. ஆர் சிரிச்சால் என்ன. நான் பக்கத்திலை வாறன்."

இரண்டாவது முள் ஏறியது. அவர் கத்தினார். மேளம் தொடங்கி, காவடி கோயில் வாசலுக்குப் போய்ச் சேரும்வரை கத்திக்கொண்டே போனார்.