உப்பு ஏறிய சுவர்

எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். வடசேரிச் சந்தைக்குப் பின்னால் எங்கள் ஓட்டுவீடு. என் கணவருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனதும், வீட்டை நடுவில் தடுத்துக் கிழக்குப் பாதியை ஒரு கருவாட்டு வியாபாரிக்கு வாடகைக்கு விட்டேன். அந்த வாடகையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

நல்ல மனிதர். ஒரு மாதம் தவறியதில்லை. குளச்சலில் கடை போட இடம் கிடைத்ததும் வீட்டைக் கழுவிப் பெருக்கிச் சாவியைத் தந்தார். "வாறேன் அக்கா, அண்ணாச்சிய நல்லா பாத்துக்கிடுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் போன பிறகுதான் உள்ளறையைச் சரியாகப் பார்த்தேன். கருவாட்டு மூட்டைகள் சாய்ந்திருந்த உயரம்வரை மண்சுவர் ஈரமாகப் பொருமியிருந்தது. விரல் வைத்தால் மாவாக உதிர்ந்தது. ஆள் பிடித்துச் சுண்ணாம்பு அடித்தேன். வாரம் திரும்புவதற்குள் அது அப்பளமாக எழும்பி விழுந்தது. மறுபடியும் அடித்தேன், அதுவும் போயிற்று.

கொத்தனார் வந்து சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு தின்ன சுவரு அம்மா. இடிச்சிட்டு வேற கெட்டணும். மேல பூசினா உங்க காசுக்குத்தான் கேடு."

இடித்துக் கட்ட நான் எங்கே போவேன்? வீடு பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே மூக்கைப் பொத்தினார்கள். ஒரு பெண் என் முகத்துக்கு நேராகவே, "இதுல மனுசரு கெடப்பாவளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வீடு பூட்டியே கிடந்தது. வைத்தியர் எண்ணெய்க்காகக் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது.

ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கணவர் குழறலாகச் சொன்னார்:

"ஏட்டி, நாம அங்க மாறிருவோம். இத வாடகைக்கு விடு."

"உங்களுக்கு ஈரம் ஆவாதே."

"சோறு வேணும்லா."

பக்கத்து வீட்டுக்காரர்கள் பிடிக்க, அவரைக் கட்டிலோடு தூக்கிக் கிழக்குப் பாதியில் வைத்தோம். சுவரோரம் ஓலைப்பாய் கட்டி மறைத்தேன். நாங்கள் இருந்த பாதிக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம் வந்தது. கிணறும் அந்தப் பக்கமாகப் போய்விட்டது. நான் கல்யாணமாகி வந்து ஏறிய அதே வாசலில் குடத்தோடு நின்று, "தண்ணி எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கிடுங்க" என்றாள் வாத்தியார் மனைவி, உள்ளே இருந்தபடியே.

மழை பிடித்ததும் என் கணவருக்கு இருமல் வந்தது. வாடகையை மிச்சம்பிடித்து மறுவருஷம் அந்தச் சுவரை இடித்துச் செங்கல்லில் கட்டினேன். இருமல் மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை.